வயல் கொசுவும் மாடித்தொட்டிக் கொசுவும்

மலேரியாக் கொசு என்று ஒரே கொசு கிடையாது. இந்தியாவில் அனாபிலஸ் வகைகள் ஏறத்தாழ அறுபது உண்டு. அவற்றில் நோயைப் பரப்பும் முதன்மைக் கொசுக்கள் என்று பூச்சியியலார் சொல்வது ஆறைத்தான். சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தில் நின்று பார்த்தால் அந்த ஆறிலும் இரண்டைப் பற்றித் தெரிந்துகொண்டால் போதும். ஏரி, பாசனக் கிணறு, நாற்றங்கால், பின்கட்டில் ஒரு கறவை மாடு என்றிருக்கும் ஊர்ப்புறத்துக்கு அனாபிலஸ் கியூலிசிஃபேசீஸ். அங்கிருந்து பஸ் ஏறிப் போனால் வரும் திருப்பதிக்கு, அதன் லாட்ஜுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் மேலே வரிசைகட்டி நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கு, அனாபிலஸ் ஸ்டீபன்சி. நாட்டின் மலேரியாவில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் முதல் கொசுவின் கணக்கில் எழுதுவது வழக்கம். நகரங்களில் வரும் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு இரண்டாவதன் கணக்கு.

இதை மட்டும் பார்த்தால் முதல் கொசுதான் தொழிலில் கெட்டிக்காரக் கொசு என்று தோன்றும். இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து நோயாளியின் ரத்தத்தைக் குடிக்கவிட்டுச் சோதித்தவர்கள் கண்டது வேறு. ஸ்டீபன்சி கைதேர்ந்தது, கியூலிசிஃபேசீஸ் சுமார் ரகம், அதில் ஒரு பிரிவு சுமாருக்கும் கீழே. சுமார் கொசு இத்தனை பேரைப் படுக்கையில் தள்ளியது எப்படி, கைதேர்ந்த கொசு இத்தனை காலம் நகரத்தோடு நின்றது ஏன் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெயரிட்டதில் இரண்டும் ஒரு வயது. 1901-ல் ஜைல்ஸ் ஒன்றை விவரித்தார், லிஸ்டன் மற்றதை. ஆனால் வரலாற்றுக்குள் முதலில் நுழைந்தது ஸ்டீபன்சிதான். 1897 ஆகஸ்ட் 20 அன்று சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியின் கருநிற மணிகளைப் பார்த்தாரே, அந்தப் புள்ளி இறக்கைக் கொசு ஸ்டீபன்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது பலரின் முடிவு. வெதுருகுப்பம் இருக்கும் ஆந்திராவின் பழைய எல்லைக்குள்தான் சிக்கந்தராபாத்தும் இருந்தது.

பார்வைக்கும் இவை ஒன்றல்ல. வாலைத் தூக்கித் தலையைத் தாழ்த்திச் சாய்வாக உட்காருவதுதான் அனாபிலஸ் என்று பள்ளிப் புத்தகப் படம் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கியூலிசிஃபேசீஸ் அந்தப் படத்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. மாட்டுக் கொட்டகையின் மண்சுவரில் ஏறக்குறையச் சுவரை ஒட்டியே, சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசுவைப் போல உட்கார்ந்திருக்கும். சாம்பல் நிறம், அலங்காரம் ஏதுமில்லை. டார்ச் அடித்தால்கூடச் சாதாரணக் கொசு என்று விட்டுவிடுவோம். ஸ்டீபன்சியைக் கைலென்ஸில் வைத்துப் பார்த்தால் கால்களிலும் வாயருகே நீளும் உணர்விழைகளிலும் வெள்ளைப் பொட்டுகள் தெளித்த மாதிரித் தெரியும். புழுவாக இருக்கும்போது இரண்டும் ஒரே பழக்கம்: மூச்சுக்குழல் கிடையாது, ஆகவே நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்து மிதக்கும். கரண்டியால் மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றினால் பின்பக்கமாகத் துள்ளி நகரும். தலைகீழாகத் தொங்கினால் அது வேறு கொசு.

எங்கே முட்டையிடுகின்றன என்பதில்தான் இரண்டின் வழியும் பிரிகிறது. கியூலிசிஃபேசீஸுக்கு வெயில்படும், தெளிந்த, திறந்த நீர் வேண்டும். வரப்போரம் தேங்கியது, வாய்க்கால் கசிவு, மண் வெட்டிய குழி, கல்குவாரிப் பள்ளம், வற்றிய ஆற்று மணலில் நிற்கும் குட்டை. 1930-களில் மேட்டூர்த் தண்ணீர் புதிதாகப் பாய்ந்த பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியா கூடியபோது ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸலும் ராமச்சந்திர ராவும் இதை நுணுகிப் பார்த்தார்கள். இந்தக் கொசு தண்ணீரில் உட்கார்ந்து முட்டையிடுவதில்லை. நீர்ப்பரப்புக்குச் சற்று மேலே பறந்தாடியபடியே முட்டைகளை உதிர்க்கிறது. ஆகவே அவர்கள் நீரில் செங்குத்தாகக் குச்சிகளை நெருக்கமாக நட்டுப் பார்த்தார்கள். நிழலைவிட இந்தத் தடுப்புதான் அதை விரட்டியது. நட்ட புதிதில் வயலில் மொய்க்கும் புழுக்கள் பயிர் வளர்ந்து இலை மூடியதும் ஏன் காணாமல் போகின்றன என்பதற்கும் அங்கே விடை கிடைத்தது. அவ்வளவு எளிய கருவியை வைத்து அவ்வளவு துல்லியமான ஆய்வு. இன்றைய மரபணுக் கட்டுரைகள் சிலவற்றைவிட எனக்கு அது பிடிக்கும்.

ஸ்டீபன்சி இதற்கு நேரெதிர். ஒடுங்கிய, ஆழமான, இருண்ட நீர் அதற்கு ஆகும். கிணறு, நிலத்தடித் தொட்டி, மூடி விரிசல்விட்ட மாடித்தொட்டி, கட்டட வேலையில் தேக்கும் தண்ணீர், தரைதளம் தோண்டிய குழி. வயலும் வேண்டாம், மழையும் வேண்டாம். மனிதன் தனக்காகச் சேமிக்கும் தண்ணீர் போதும்.

இப்போது திறமைக்கு வருவோம். மலேரியாவைக் கடத்தக் கொசு இருமுறை மனிதனைக் கடித்தாக வேண்டும்: நோயாளியை ஒருமுறை, நோயில்லாதவரை ஒருமுறை. நடுவில் ஒட்டுண்ணி அதன் வயிற்றில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரவேண்டும். நம்மூர் வெயிலில் வைவாக்ஸ் வகைக்கு ஏறக்குறைய பத்து நாள், ஃபால்சிபாரத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்தப் பத்து நாளும் கொசு உயிரோடிருக்க வேண்டும். ராஸ் தொடங்கிய இந்தக் கணக்கை 1950-களில் ஜார்ஜ் மக்டொனால்ட் முழுமைப்படுத்தினார். அதில் முதன்மையானவை மூன்று: ஒரு மனிதனுக்கு எத்தனை கொசு, கொசு மனிதனைத் தேர்ந்தெடுக்கும் விகிதம், அது தினமும் பிழைக்கும் விகிதம். இவற்றில் இரண்டாவது கணக்கில் இருமுறை வருகிறது, அதாவது வர்க்கமாகிறது.

வர்க்கம் என்றால் என்ன ஆகும் என்று எண் போட்டுப் பார்க்கலாம். நூறு முறை ரத்தம் குடிக்கும் ஒரு கொசு ஐந்து முறை மனிதனிடமும் மீதி மாட்டிடமும் குடிக்கிறது. இன்னொன்று அறுபது முறை மனிதனிடம் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விருப்பத்தில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். நோய் கடத்தும் திறனில் அது பன்னிரண்டின் வர்க்கம், 144 மடங்கு. ஆயுளும் அப்படித்தான். நாளொன்றுக்கு நூற்றுக்கு எண்பது பிழைத்தால் பத்து நாள் கழித்து பத்துப் பதினொன்று மிஞ்சும். எழுபது பிழைத்தால் மூன்றுகூட மிஞ்சாது. தொண்ணூறு பிழைத்தால் முப்பத்தைந்து. தினசரிப் பிழைப்பில் பத்துப் புள்ளி ஏறினால் முடிவில் மூன்று நான்கு மடங்கு ஏறுகிறது. ஒட்டுண்ணியை ஏற்றுக்கொள்ளும் உடல்வாகு இத்தனைக்கும் பிறகுதான் வரும். ஆய்வகம் அளப்பதோ பெரும்பாலும் அதை மட்டும்தான்.

கியூலிசிஃபேசீஸ் மாட்டை விரும்பும் கொசு. வீட்டுக்கு வீடு மாடு நிற்கும் சித்தூர்ப் பக்கத்து ஊரில் அதன் கடிகளில் பெரும்பகுதி கொட்டகையிலேயே செலவாகிவிடும். அதனால் மாடு வளர்த்தால் மலேரியா வராது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மாட்டு ரத்தம் கிடைப்பதால் கொசு பெருகவும் செய்யும். பெருகிய கூட்டத்தில் ஐந்து விழுக்காடு மனிதனிடம் வந்தாலும் போதும். சுமார் கொசு ஜெயிக்கும் இடம், எத்தனை கொசு என்ற அந்த முதல் எண்தான். நாற்று நட்ட ஈரவயலும் வாய்க்கால் கசிவும் சேர்ந்தால் அது ஆயிரக்கணக்கில் வரும்.

உடல்வாகு விஷயத்திலும் 'கியூலிசிஃபேசீஸ்' என்று ஒருமையில் பேசுவது பிழை. கண்ணுக்கு ஒன்றாகவும் குரோமோசோமில் வேறாகவும் இருக்கும் ஐந்து உடன்பிறப்புகள் அதில் உண்டு. 1980-ல் ஏ, பி என இரண்டைப் பிரித்தார்கள். தில்லி மலேரியா ஆய்வு மையத்தில் சரளா சுப்பாராவும் உடனிருந்தவர்களும் சி, டி என்று நீட்டினார்கள். 1999-ல் ராமேசுவரத்துக் கொசுக்களில் ஐந்தாவதாக ஈ அடையாளமானது. தென்னிந்திய ஊர்ப்புறங்களில் ஏ, பி இரண்டும் கலந்தே கிடக்கின்றன. பி-யின் வயிற்றுக்குள் போகும் ஒட்டுண்ணி பலமுறை உருப்படுவதில்லை. கொசுவே அதைக் கருநிறப் பூச்சு பூசி மூடிக் கொன்றுவிடுகிறது. ஏ அப்படித் தடுப்பதில்லை. இந்த இரண்டையும்விட ஈ ஆபத்தானது. பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இலங்கையிலும் மலேரியாவைச் சுமந்தது அதுதான். முதலில் அதைப் பி என்றே எண்ணினார்கள், ஏனென்றால் குரோமோசோம் பட்டைகள் இரண்டுக்கும் ஒன்று. ஆண்கொசுவின் ஒய் குரோமோசோம் வடிவத்தில்தான் வேறுபாடு பிடிபட்டது. ஆக, ஓர் ஊரில் கொட்டகை நிறையக் கியூலிசிஃபேசீஸ் இருக்கலாம், மலேரியா இல்லாமலும் இருக்கலாம்.

ஸ்டீபன்சிக்கும் இப்படி ஓர் உட்பிரிவு உண்டு. மைசூரில் 1937-ல் ஸ்வீட், ராவ் இருவரும் அதன் முட்டையின் பக்கவாட்டு மிதவையிலுள்ள வரிகளை எண்ணினார்கள். வரி அதிகமானது நகரத்து வகை. குறைந்தது மைசூரென்சிஸ், கிராமத்துக் கிணற்றிலும் மாட்டிலும் திருப்திப்படுவது, மலேரியாவில் அதன் பங்கு சொற்பம். வெதுருகுப்பத்துப் பாழ்ங்கிணறு ஒன்றில் ஸ்டீபன்சிப் புழு கிடைத்தால் உடனே பதற வேண்டியதில்லை. முட்டையை நுண்ணோக்கியில் பார்த்த பிறகு பதறலாம்.

நகரத்து வகையோ ஒட்டுண்ணிக்கு அருமையான வீடு. உலகெங்கும் மலேரியா ஆய்வகங்கள் கூண்டில் வளர்ப்பது பெரும்பாலும் இதைத்தான். கூண்டில் கூச்சமில்லாமல் இனம்பெருக்கும், கொடுத்த ஒட்டுண்ணியைத் தாராளமாக வளர்க்கும். அமெரிக்காவின் மேரிலாந்தில் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர்ந்த நிலையிலுள்ள உயிருள்ள ஒட்டுண்ணிகளை (ஸ்போரோசொயிட்டுகளை) வைத்துத் தடுப்பூசி செய்ய முயலும் சனாரியா நிறுவனமும் அவற்றைக் கிருமிநீக்கி வளர்த்த ஸ்டீபன்சியின் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்தே எடுக்கிறது.

அப்படியானால் சென்னை ஏன் மொத்தமாகப் படுத்துவிடவில்லை? தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு பல ஆண்டுகள் சென்னையிலிருந்துதான் வந்தது என்பது உண்மை. ஆனாலும் பெரும்பாலும் வைவாக்ஸ், கொள்ளைநோயாக வெடிக்காமல் ஆண்டு முழுக்கப் புகைந்துகொண்டே இருந்தது. மாடித்தொட்டியில் பிறக்கும் கொசு வயலில் பிறக்கும் அளவுக்குத் திரளாது, அது ஒரு காரணம். இன்னொன்று எனக்கே வியப்பு: பெசன்ட் நகர் ஆய்வில் ஸ்டீபன்சியைத் தேடியவர்களுக்கு அது அதிகம் அகப்பட்டது ஓலைவேய்ந்த மாட்டுக் கொட்டகைகளில். நகரத்துக்கு நடுவிலும் மாடு கிடைத்தால் அது மாட்டைக் கடிக்கிறது. பெரிதும் மனிதனையே நாடும் ஆப்பிரிக்கக் கொசுவான கேம்பியேயோடு வைத்துப் பார்த்தால் நம் கொசுக்கள் இரண்டுமே சாப்பாட்டில் பேதம் பாராதவை. மக்டொனால்ட் இதை வைத்தே மலேரியாவை இரண்டாகப் பிரித்தார். கேம்பியே உள்ள இடத்தில் நோய் எப்போதும் உண்டு, மக்களுக்கு எதிர்ப்புச் சக்தியும் உண்டு. கியூலிசிஃபேசீஸ் உள்ள இடத்தில் பல ஆண்டு அடங்கியிருக்கும். கொசு எண்ணிக்கை திடீரென ஏறினால் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊர் மேல் மொத்தமாக விழும்.

விழுந்தது இலங்கையில், 1934-ல். தென்மேற்குப் பருவமழை பொய்த்து, எப்போதும் பாய்ந்தோடும் ஈரமண்டல ஆறுகள் மணலும் குட்டையுமாக வற்றின. ஓடும் ஆறு கியூலிசிஃபேசீஸ் புழுவை அடித்துச் செல்லும். வற்றிய ஆறு அதற்குத் தொட்டில் கட்டித் தரும். அக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குள் கேகாலை, குருநாகல் பகுதிகளில் வீடு வீடாகச் சாவு. சுமார் 15 லட்சம் பேருக்குக் காய்ச்சல், ஏறத்தாழ 80,000 மரணம். சுமார் ரகம் என்று பெயரெடுத்த கொசு செய்த வேலை இது. நோயைக் கடத்தும் திறனைக் கொசுவின் உடம்புக்குள் மட்டும் தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு சம்பவமே பதில்.

வறட்சி ஸ்டீபன்சிக்கும் ஆகும், ஆனால் வேறு பாதையில். ஏரி வற்றினால் ஊர் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தொடங்குகிறது: டிரம், சம்ப், சிமெண்டுத் தொட்டி. சித்தூர் மழைமறைவு மாவட்டம். பொன்முகலி என்று தமிழில் வழங்கும் ஸ்வர்ணமுகியில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்கள் அதிகம். போர்வெல் ஆழம் ஏற ஏற, டேங்கர் லாரி வரவர, சேமிப்பும் கூடுகிறது. மணற்குட்டை ஒரு கொசுவுக்கு, டிரம் இன்னொன்றுக்கு. ஒரே கோடை இரண்டையும் வளர்க்கும்.

மருந்தடிப்பு வந்தபோது இரண்டும் ஒரே மாதிரி அடிபடவில்லை. 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவரிலும் கொட்டகையிலும் டிடிடி அடித்தார்கள். ரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் ஓய்வெடுக்கும் கியூலிசிஃபேசீஸ் கொத்துக்கொத்தாய் விழுந்தது. ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் என்று மதிப்பிடப்பட்ட நோய் 1961-ல் பதிவேட்டில் ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கியது. 1959-ல் குஜராத்தில் அந்தக் கொசு டிடிடிக்குச் சாகாமல் நின்றது தெரியவந்தது. ஸ்டீபன்சி அதற்கும் முன்பே முந்திக்கொண்டது. 1950-களின் நடுவிலேயே ஈரோட்டில் அதன் புழுக்கள் டிடிடியைத் தாங்கின.

நகரங்களை அந்தத் திட்டம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நகர மலேரியாவுக்கென்று தனித்திட்டம் 1971-ல்தான் வந்தது. அதற்குள் கிராமத்தில் அணைந்த நோயைச் சாம்பலுக்குள் கங்கு காப்பதுபோல் நகரத்தில் ஸ்டீபன்சி காத்துவைத்திருந்தது. வேலைக்குப் போய்த் திரும்பியவர் ரத்தத்தில் கொண்டுவந்ததை ஊரில் கியூலிசிஃபேசீஸ் விசிறிவிட்டது. 1976-ல் நாட்டின் கணக்கு 64 லட்சத்தைத் தாண்டியதற்கு மருந்துத் தட்டுப்பாடு, அலட்சியம் என்று பல காரணம் சொல்வார்கள், எல்லாம் சரி. என் கணிப்பில் இந்தக் கூட்டணிக்குக் கொடுக்க வேண்டிய இடத்தை யாரும் போதுமான அளவு கொடுக்கவில்லை. எது திறமையான கொசு என்ற கேள்வியே அங்கே உடைகிறது. ஒன்று நோயைக் காக்கிறது, மற்றது பரப்புகிறது. தனித்தனியே மதிப்பெண் போட்டால் இரண்டின் வேலையும் தெரியாது.

கடந்த பத்தாண்டுக்கும் மேலாக ஸ்டீபன்சி தன் எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. 2012-ல் ஜிபூட்டியில் இறங்கியது. மலேரியாவை ஏறக்குறைய ஒழித்துவிட்டிருந்த அந்தக் குட்டி நாட்டில் அந்த ஆண்டு 27 நோயாளிகள். 2020-ல் எழுபதாயிரத்துக்கும் மேல். எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா, கானா என்று வரிசையாகப் பெயர்கள் சேர்ந்தன. ஆப்பிரிக்காவில் மலேரியா என்றால் கிராமம், மழைக்காலம் என்றிருந்த கணக்கை நகரம், கோடை என்று அது மாற்றி எழுதுகிறது. நமக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பவம்: இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்று தந்தது. அதே டிசம்பரில் மன்னாரில் ஒரு கிணற்றில் ஸ்டீபன்சி அகப்பட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும். எண்பதாயிரம் பேரைக் கொன்ற கொசு அந்தத் தீவில் இன்னும் இருக்கிறது. இப்போது துணைக்கு இதுவும் வந்திருக்கிறது.

வெதுருகுப்பம் மாதிரி ஓர் ஊரை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் பார்க்கிறேன். மாடு விற்று, கொட்டகையைப் பிரித்து, அந்த இடத்தில் தளம்போட்ட வீடு கட்டி, மேலே கருப்புத் தொட்டி வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. அது கியூலிசிஃபேசீஸின் மாட்டைக் குறைத்து மனிதனைப் பங்குக்கு இழுக்கிறது. ஸ்டீபன்சிக்கு வீடும் கட்டித்தருகிறது. கொசு மட்டும் இருந்தால் மலேரியா வராது, ஒட்டுண்ணி வேண்டும். அதைக் கொண்டுவரக்கூடிய ஆட்களுக்கும் குறைவில்லை: திருமலைக்கு நாடெங்கிலுமிருந்து தினமும் பல பத்தாயிரம் பேர் வருகிறார்கள். வைவாக்ஸ் ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் கிளம்பும், கொசுவுக்குத் தொற்றும் அதன் பாலணுக்கள் காய்ச்சல் தொடங்கும்போதே ரத்தத்தில் தயாராக இருக்கும். மாத்திரை போடுமுன் கொசு முந்திக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதனால் மாவட்ட அலுவலர் எவராவது கேட்டால், மண்டல மருத்துவமனையில் கொசுப் பட்டியலைவிட ரத்தத் தடவல் பதிவேட்டை ஒழுங்காக வைக்கச் சொல்வேன். வைவாக்ஸ் என்று தெரிந்தவருக்குப் பிரைமாகுவின் பதினான்கு நாளும் முடிந்ததா என்றும் பார்க்கச் சொல்வேன்.

ஆந்திராவில் வெள்ளிக்கிழமை தோறும் 'டிரை டே' என்று வீட்டுத் தண்ணீரையெல்லாம் கவிழ்க்கச் சொல்கிறார்கள். டெங்குக் கொசுவை நினைத்துச் சொன்னது. டிரம்மில் வளரும் ஸ்டீபன்சிக்கும் அது பொருந்தும். மாடித்தொட்டியைக் கவிழ்க்க முடியாது, மூடியும் வலையும்தான் கதி. அதைப் பார்க்க ஒருவர் ஏணியோடு வரவேண்டும். வயலையும் வெள்ளிக்கிழமை கவிழ்க்க முடியாதுதான். ஆனால் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடலாம். வாரத்தில் சில நாள் நெல்வயலைக் காயவிட்டால் கியூலிசிஃபேசீஸ் புழு கொசுவாவதற்குள் செத்துவிடும் என்று ரஸ்ஸலும் உடனிருந்தவர்களும் 1942-லேயே தென்னிந்திய வயல்களை வைத்து எழுதினார்கள். இன்று அதே முறையை வேளாண் துறை தண்ணீர் மிச்சத்துக்காகச் சொல்கிறது.